ஷினாருக்கு என்ன வரும்?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நானாக யோசித்துப் பிடித்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அடுப்பில் ரசம் வைத்திருந்தபோது கதவைத் தட்டிக்கொண்டு வந்தது.

கீழ்வீட்டு ஷினார். முப்பது வயது. கஜாக் நாட்டின் இந்த அல்மாட்டியில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை. அவளுக்கு ஆட்டிசம் என்பது எங்கள் கட்டடத்துக்கே தெரியும். இப்போது நாட்டுக்கே தெரியும், அதற்குப் பிறகு வருகிறேன். உள்ளே வாம்மா என்றேன். வரவில்லை. வாசலில் நின்றபடியே, நீங்கள் இங்கே யாரும் படிக்காத மொழியில்தானே கதை எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்சம் தன்னிரக்கத்தோடு, எங்கள் ஊரிலும் அவ்வளவாக யாரும் படிப்பதில்லை என்று சேர்த்துக்கொண்டேன். வேறு யாராக இருந்தாலும் மரியாதைக்காவது 'சேச்சே, அப்படியெல்லாம் இல்லை' என்றிருப்பார்கள். அவள் அதை ஒரு தகவலாக எடுத்துக்கொண்டாள்.

"அப்ப ரொம்ப நல்லது ஆகா. என்னைப் பத்தி எழுதுங்க. இங்க யாரும் அதைப் படிச்சுட்டு வந்து, நீ அப்படி இல்ல இப்படித்தான்னு எனக்கே சொல்லித் தர மாட்டாங்க."

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இங்கே மூத்த ஆண்களை 'ஆகா' என்று கூப்பிடுவார்கள். நான் வந்த முதல் வருஷம் முழுக்க, போகிற இடமெல்லாம் என்னை யாரோ பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக் குளிர்ந்துபோயிருந்தேன். அதேபோல இந்த ஊரில் பாதிப் பேர் அம்மாவை 'மாமா' என்பார்கள். அந்தக் குழப்பம் நமக்கு வேண்டாம். அம்மா என்றே எழுதுகிறேன்.)

நான் இங்கே மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு நடத்துகிறவன். பிணங்களோடு பழகியவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு, அவை நிபந்தனை போடுவதில்லை. ஷினார் போட்டாள். கதையில் அவள் ஆடு எண்ணக் கூடாது. வயலின் கூடாது. கடைசியில் எல்லோரும் அவளைப் பார்த்து வாழ்க்கையைக் கற்றுக்கொண்டார்கள் என்று முடிக்கவே கூடாது. சரி என்றேன். போய்விட்டாள். வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ரசம் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது.

ஆடு எதற்கு என்று மூன்றாம் பகுதியில் தெரியும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "ஜன்னலோரம் அமர்ந்து, கண்ணாடியில் வழியும் மழைத்துளிகளை எண்ணிக்கொண்டிருந்தாள் ஷினார்."

நல்ல வாக்கியம்தான். சிற்றிதழ் ஆசிரியர்கள் உச்சிமுகர்வார்கள். மொழிபெயர்த்துச் சொன்னேன். மழை வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு மாடத்தில் காயும் துணியை எடுக்க ஓடுவேனே தவிர, உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்க மாட்டேன் என்றாள். அத்துடன் எண்ண வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அது எண்ணிக்கைதான் என்று எனக்கே உறைக்கவில்லை பாருங்கள்.

இரண்டாவது முயற்சி: "ஷினார் தனக்கென்று ஒரு தனி உலகத்தில் வாழ்ந்தாள்."

எந்த உலகம், விலாசம் என்ன என்று கேட்டாள். நீங்கள் போகிற அதே பேருந்தில்தான் நானும் போகிறேன், உட்கார இடம் கிடைக்காமல், என்றாள்.

மூன்றாவது: "சாதாரணக் காதுகளுக்கு எட்டாத ஒரு சங்கீதம் அவளுக்கு மட்டும்

இதைப் பாதியிலேயே நிறுத்தினேன். எட்டாத சங்கீதம் உண்மையாகவே அவளுக்குக் கேட்கிறது. அவர்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் இரைச்சல். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது அவளுக்குச் சித்திரவதை. சந்தைக்குப் போனால் தலை சுற்றி, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவாள். இதையெல்லாம் சங்கீதம் என்று எழுத எனக்கு எப்படிக் கை வந்தது என்று தெரியவில்லை.

நாலாவது: "ஷினார் காலையில் எழுந்து, பல் துலக்கி, வேலைக்குப் போனாள்."

இது பரவாயில்லை என்றாள். இதை எவன் படிப்பான் என்றேன். அது உங்கள் பிரச்சினை என்றாள்.

அந்த வேலை அவளுக்குப் பிடிக்கும். வருகிறவர்கள் என்ன சொல்வார்கள், பதிலுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அங்கே ஏற்கெனவே தீர்மானமாகியிருக்கிறது. பல் வலிக்கிறவன் வானிலை பற்றி அரட்டை அடிக்க மாட்டான்.

3

கைரொல்லா ஆகாவுக்கு ஒருநாள் கடைவாய்ப்பல் வலித்தது. அத்தனையும் அந்தப் பல்லில் தொடங்கியதுதான்.

கைரொல்லா தொலைக்காட்சித் தொடர் எடுக்கிறவர். அப்போது 'மௌனத் தாரகை' என்ற தொடருக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். கதாநாயகி மொல்திருக்கு ஆட்டிசம். பகலில் மாமனார் வீட்டில் மருமகள், சாயங்காலத்தில் காவல்துறைக்குத் துப்புத் துலக்குகிறவள். பெயர்தான் மௌனமே தவிர, கொலைகாரனைப் பிடித்துவிட்டால் ஒரு முழு விளம்பர இடைவேளை வரைக்கும் நிறுத்தாமல் பேசுவாள். பல் மருத்துவர் வாய்க்குள் கையை விட்டபடி, நம் வரவேற்பில் இருக்கிற பெண்ணுக்கும் ஆட்டிசம்தான் என்று ஊர்க்கதை பேசியிருக்கிறார். கைரொல்லாவால் வாயைத் திறந்து பதில் சொல்ல முடியவில்லை, வாய் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. மரத்துப்போன கன்னத்தோடு நேராக வெளியே வந்து, ஷினாரைத் தொடரின் ஆலோசகர் ஆக்கிவிட்டார்.

முதல் நாளே சிக்கல். ஷினார் கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள். குழந்தையிலிருந்து அவள் அம்மா குல்யாஷ், முகவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பழக்கியது. பழக்கம் கொஞ்சம் அதிகமாகவே ஏறி, இமைக்காமல் பார்ப்பாள். மருத்துவமனையில் பலபேர் அந்தப் பார்வைக்குப் பயந்து, கேட்காமலே, ராத்திரி பல் தேய்ப்பதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டிசம் என்றால் கண்ணைப் பார்க்க மாட்டார்கள் என்று எழுதிவைத்திருந்த கைரொல்லாவுக்கு இது ஒத்துவரவில்லை. கொஞ்சம் அந்தப் பக்கம் பாரம்மா, நடிகைக்குப் புரிய வேண்டும் என்று கெஞ்சினார். ஷினார் எந்தப் பக்கம் என்று கேட்டாள். மேலே, இடது மூலை என்றார். நடிகை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, தொடர் முழுக்க இடது மூலையையே பார்த்து, கடைசியில் கழுத்துக்குப் பட்டை போட்டுக்கொண்டாள்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது.

"சரி, உனக்கு என்ன வரும்?"

"எதுல?"

"எதுலயாவது. உங்க ஆளுங்களுக்கு ஏதாவது ஒண்ணு பிரமாதமா வருமே."

ஷினார் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "சூப் வைக்க வரும்," என்றாள். "சுமாரா."

கைரொல்லா சிரித்தார். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார். எழுத்தாளர்கள் கூடி ஆலோசித்தார்கள். தன் வம்சத்தில் ஏழு தலைமுறைப் பெயர் சொல்லத் தெரியாதவன் கஜாக்கே இல்லை, இவள் நாற்பது சொல்லட்டும் என்றார் ஒருவர். குதிரைப்பாலை முகர்ந்து பார்த்து எந்தக் குதிரை என்று சொல்லட்டும் என்றார் இன்னொருவர். கடைசியில் ஆடு ஜெயித்தது. மலைச்சரிவில் மேயும் மந்தையை மொல்திர் ஒரே ஒரு முறை பார்ப்பாள், மொத்தம் எத்தனை என்று சொல்வாள், அதில் ஒன்று குறைவதை வைத்துக் கொலைகாரனைப் பிடிப்பாள். பின்னணியில் வயலின்.

அந்தத் தொடர் வந்தபிறகு, அதன் விளம்பரங்களில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பேருந்தில் முன்பின் தெரியாதவர்களெல்லாம் ஷினாரிடம் கைப்பேசியில் ஆட்டு மந்தைப் படத்தைக் காட்டினார்கள்.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். கைரொல்லாவை நான் கேலிச்சித்திரமாக வரைகிறேனோ? வாசகர்கள் வில்லன் என்று நினைத்துவிட்டால் வேலை சுலபமாகிவிடும், அது நியாயமில்லை. மனிதர் நல்லவர். படப்பிடிப்பில் தன் கையால் கறியை எடுத்து முதலில் ஷினார் தட்டில் வைப்பார். கிண்டலே கிடையாது. தான் எழுதிய காட்சியைத் தானே பார்த்து, கைக்குட்டை நனைய அழுவார். ஒரு சமூகத்துக்கே சேவை செய்வதாக மனதார நம்பினார். கெட்டவராக இருந்திருந்தால் ஷினார் சண்டையாவது போட்டிருப்பாள்.)

4

தேநீர் விஷயத்தைச் சொல்லாமல் நகர முடியாது.

இங்கே விருந்தாளி வந்தால் வீட்டின் இளையவள் தேநீர்ப் பாத்திரத்தின் பக்கத்தில் உட்காருவாள். கைப்பிடி இல்லாத கிண்ணத்தில் பால் விட்டு, தேநீரைக் கொஞ்சமாக, அரைக் கிண்ணத்துக்கும் குறைவாக ஊற்றிக் கொடுப்பாள். குடித்துவிட்டுக் கிண்ணம் திரும்பி வரும். மறுபடி கொஞ்சம். மறுபடி வரும். இன்னும் இருங்கள், இன்னும் பேசுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொன்னதாக அர்த்தம். கிண்ணத்தைத் தளும்பத் தளும்ப நிரப்பிக் கொடுத்தால், குடித்துவிட்டு இடத்தைக் காலி பண்ணு என்று பொருள். நம் ஊரில் விருந்தாளி உட்கார்ந்திருக்கும்போதே துடைப்பத்தை எடுத்துக் கூட்ட ஆரம்பிப்பது மாதிரி. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பால்பல் விழுந்த பெண் குழந்தைக்கும் தெரியும்.

'மௌனத் தாரகை' நாலாம் பாகத்தில், மொல்திர் புகுந்தவீட்டு விருந்தாளிகள் எல்லோருக்கும் கிண்ணம் நிறைய ஊற்றுகிறாள். அவர்கள் முகம் கறுக்கிறது. மாமியார் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறாள். மொல்திர் இடது மூலையைப் பார்த்தபடி ஊற்றிக்கொண்டே இருக்கிறாள், தேநீர் விரிப்பெல்லாம் ஓடுகிறது. மாமனார் மட்டும் தன் கிண்ணத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இந்தக் குழந்தை மனதில் கள்ளமில்லை என்று தழுதழுக்கிறார். நாடு குலுங்கிச் சிரித்தது, பிறகு அழுதது. எங்கள் கட்டடக் காவல்காரர்கூட அழுதார்.

இந்தக் காட்சியைப் படித்தபோதே ஷினார் தகராறு பண்ணியிருக்கிறாள். இதெல்லாம்தான் எங்களுக்குச் சுலபம், ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் போதும், சொல்லாமல் விடுகிற விஷயங்கள்தான் கஷ்டம், இதை எங்கள் அம்மா எனக்குக் கரண்டியால் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார் என்று விளக்கியிருக்கிறாள். கைரொல்லா கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"உனக்குத் தெரியும்மா," என்றார். "மொல்திருக்குத் தெரியாது."

எழுதியபடியே எடுத்தார்கள். தொடர் முடிந்து ஓடும் பெயர்களில், ஆலோசகர் என்று ஷினாரின் பெயர் குதிரை கொடுத்து உதவியவருக்கு முன்னால் வந்தது.

5

(இந்தப் பகுதியில் ஷினாரின் சிறுவயது இருந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் தனியாக நிற்கும் சிறுமி, பனி, ஒற்றைக் கையுறை. நன்றாக வந்திருந்தது. எனக்கே கண் கலங்கியது. ஷினார் முழுக்கக் கேட்டுவிட்டு, யார் இந்தப் பெண், பாவமாக இருக்கிறதே என்றாள். எடுத்துவிட்டேன்.)

6

தொடருக்கு முன்னால் ஷினாரைப் பெண் கேட்டு யாரும் வந்ததில்லை. தொடருக்குப் பின்னால் வரிசை கட்டினார்கள். ஆட்டிசம் இருக்கிற மருமகள் என்றால் பொய் சொல்ல மாட்டாள், புறம்பேச மாட்டாள், மாமியார் குத்திப் பேசினால் புரியாது. இதைவிட வேறென்ன வேண்டும்? நம் ஊர் மாமியார்களுக்கு இந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை, எட்டினால் என்ன ஆகுமோ.

வந்தவர்களில் ரிஸ்தி என்கிற அம்மாளை குல்யாஷுக்குப் பிடித்துப்போனது. சொந்த வீடு, ஒரே மகன் மெதெத், கட்டடப் பொறியாளன், குடி கிடையாது. குல்யாஷை நாம் குறை சொல்லிவிட முடியாது. கணவனை இழந்தவள், இதயத்தில் குழாய் வைத்திருக்கிறாள். இத்தனை வருஷமும் மாடிப்படியில் பார்க்கிறவர்களெல்லாம் ஷினாரைப் பற்றி ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டுவார்கள். இப்போது அதே ஆட்கள் உங்கள் மகள் தங்கம் என்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தை விட அவளுக்கு மனமில்லை. மின்தூக்கியில் என்னிடம் ஒருமுறை சொன்னாள்.

"எனக்கப்புறம் யாரு ஆகா? ராத்திரி அதை நெனச்சாத் தூக்கமே வர மாட்டேங்குது."

அவள் இறங்கும்வரை மின்தூக்கியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மெதெத்தை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அவனை அயோக்கியனாக்கினால் கதை ஓடிவிடும். ஆனால் பையன் மரியாதைப்பட்டவன். ஷினாரைக் காப்பிக் கடைக்கு அழைத்துப்போனான், சத்தமில்லாத மூலையாகப் பார்த்து இடம் பிடித்தான். தொடரை ஒன்றுவிடாமல் பார்த்துத் தேறியவன். பேச்சின் நடுவில் கை பட்டதுபோலச் சர்க்கரைப் பொட்டலக் கிண்ணத்தைக் கவிழ்த்தான். மேசையெல்லாம் பொட்டலம். எத்தனை என்று சொல்லிவிடுவாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான். ஷினார் அதில் ஒன்றை எடுத்துக் கிழித்துத் தன் காப்பியில் போட்டுக் கலக்கினாள். அவன் முகம் விழுந்துவிட்டதாம். பரவாயில்லை, பழகப் பழக வரும் என்று தேற்றிக்கொண்டானாம்.

(இந்த இடத்தில் எனக்கும் ஒரு சபலம் தட்டியது. அவளுக்குச் சின்னதாக ஒரே ஒரு திறமை கொடுத்தால் என்ன? பறவைச் சத்தத்தை வைத்துப் பறவையைச் சொல்வது மாதிரி? கதைக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும். கேட்டேன். உங்களுக்கு என்ன பிரமாதமாக வரும் ஆகா என்று திருப்பிக் கேட்டாள். யோசித்தேன். ரசம் என்று சொல்ல வந்து, அடுப்பு ஞாபகம் வந்து, பேச்சை மாற்றினேன்.)

7

ஷினாருக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். கதையே இவ்வளவுதான். கல்யாணமே வேண்டாம் என்றில்லை, இது வேண்டாம். காரணத்தை என்னிடம் தெளிவாகச் சொன்னாள்.

"அவனுக்கு வேண்டியது மொல்திர். என்னைப் பாத்துப் பாத்து ஏமாந்து, ஒருநாள் அவனுக்குக் கோவம் வரும். வர்றப்ப அந்த வீட்டுல மொல்திர் இருக்க மாட்டா. நான்தான் இருப்பேன்."

இதைவிடத் தெளிவாக எவளாலும் யோசிக்க முடியாது. பிரச்சினை யோசிப்பதில் இல்லை, கேட்கிறவர்களிடம் இருந்தது.

அம்மாவிடம் வேண்டாம் என்றாள். குல்யாஷ் தலையைத் தடவிக்கொடுத்து, புது இடம் என்றால் உனக்குப் பயம், உங்களுக்கெல்லாம் அப்படித்தானாம், இரண்டாம் பாகத்தில் காட்டினார்களே என்றாள். இந்தக் குல்யாஷ், பெற்று வளர்த்த குல்யாஷ், மகளைப் பற்றித் தொலைக்காட்சியில் தெரிந்துகொண்டாள்.

மெதெத்துக்குத் தொலைபேசி போட்டு, உன்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை என்றாள். அவன் நெகிழ்ந்துபோய், எவ்வளவு நேரடியாகப் பேசுகிறாய், உன்னிடம் எனக்குப் பிடித்ததே இதுதான் என்றான்.

ரிஸ்தியிடமே போய்ச் சொன்னாள். ரிஸ்தி அவளைச் சுற்றிக் கையை வீசி, "ஐனலாயின்" என்று கொஞ்சினாள். உன் பீடையெல்லாம் என்னைச் சுற்றிக்கொள்ளட்டும் என்று அர்த்தம், நம் ஊராக இருந்தால் நெட்டி முறித்திருப்பாள். வெட்கப்படக்கூடத் தெரியாத பிள்ளை என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிப் பூரித்துப்போனாள்.

கடைசியாகக் கைரொல்லாவிடம் போனாள். ஆட்டிசம் இருக்கிறவர்கள் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம் என்றுதான் அர்த்தம் என்று தொடரில் ஒரு வசனம் வைக்க முடியுமா, கொஞ்சம் அவசரம் என்று கேட்டாள். கைரொல்லா கண்களை மூடிக்கொண்டார். அருமையான காட்சி, இதை இரண்டாம் பருவத்தில் பனிப்பொழிவில் எடுப்போம் என்றார்.

எனக்குக் கோபமாக வருகிறது. எழுதுகிறவன் கோபப்படக் கூடாது என்பார்கள். படுகிறேன். ஒருத்தி நாலு பேரிடம் நாலு முறை சொல்கிறாள், நாலு பேரும் அன்பாகக் கேட்டுக்கொண்டு, அவள் சொல்லாததைப் புரிந்துகொண்டு போகிறார்கள்.

8

மாப்பிள்ளையின் தாய் பெண்ணுக்குக் கம்மல் போட வரும் நாள். போட்டுவிட்டால் பேசி முடித்ததாகக் கணக்கு, அப்புறம் பின்வாங்கினால் இரண்டு வீட்டுக்கும் அவமானம். ரிஸ்தி, மெதெத், அவன் தாய்மாமன், இரண்டு அத்தைகள். நான் அங்கே இல்லை. ஷினார் சொன்னதையும், அப்புறம் குல்யாஷ் சொன்ன கொஞ்சத்தையும் வைத்து எழுதுகிறேன்.

தேநீர்ப் பாத்திரத்தின் பக்கத்தில் ஷினார் உட்கார்ந்தாள். பேச்சு மெல்லத் தேய்ந்து நின்றது. எல்லோருடைய கண்ணும் பாத்திரத்தின் மூக்கில். மெதெத் கைப்பேசியைத் தயாராகத் தூக்கிப் பிடித்தான். அவள் முறைப்படி, பால் விட்டு, கொஞ்சமாக, அளவாக ஊற்றிக் கொடுத்தாள். ஒரு சொட்டு அதிகமில்லை. வட்டம் முழுக்க ஏமாற்றம் ஓடியது. ஒரு அத்தை இன்னொரு அத்தையிடம், இவளுக்கு நிஜமாகவே இருக்கிறதா, இல்லை சும்மா சொல்கிறார்களா என்று கிசுகிசுத்தாள். தாய்மாமன், மருத்துவச் சான்றிதழ் இருக்குமே என்று பொதுவாகச் சொல்லிவைத்தார்.

ரிஸ்தி கம்மல் பெட்டியை மடியில் எடுத்து வைத்தாள். சிவப்பு வெல்வெட்.

அப்போதுதான் ஷினார் ரிஸ்தியின் கிண்ணத்தை வாங்கி, விளிம்பு வரை நிரப்பினாள். சிந்தவில்லை. இரண்டு கையாலும் ஏந்தி நீட்டி, ரிஸ்தியின் கண்ணைப் பார்த்தாள். இந்த மண்ணில் ஒரு பெண்ணால் வாயைத் திறக்காமல் சொல்ல முடிகிற ஆகப்பெரிய வார்த்தையை, நிதானமாக, தெரிந்தே சொன்னாள்.

குல்யாஷ் முகம் வெளுத்துவிட்டது. சொல்லிக்கொடுத்தவள் அல்லவா, அவளுக்கு மட்டும் புரிந்தது.

"அப்படியே மொல்திர்," என்றாள் ரிஸ்தி. கண்ணெல்லாம் ஈரம்.

அறையே சிரித்தது. மெதெத் படம் பிடித்தான். தாய்மாமன் தன் கிண்ணத்தை நீட்டி, எனக்கும் அதேமாதிரி ஊற்றம்மா என்றார். ஊற்றினாள். அத்தைகளும் நீட்டினார்கள். அவர்களுக்கும் ஊற்றினாள். அத்தனை பேரையும் வெளியே போகச் சொன்னாள், அத்தனை பேரும் வரிசையில் நின்று வாங்கிக் குடித்து நன்றி சொன்னார்கள். ஒரு மனுஷியை அவமானப்படுத்துவதற்கு ஆயிரம் வழி உண்டு என்று எனக்குத் தெரியும். அவள் திருப்பி அவமானப்படுத்துவதைக்கூட ரசித்துக் கைதட்டுகிற வழியை இதைக் கேட்டபோதுதான் தெரிந்துகொண்டேன்.

9

முடிவுகள்.

அ) கைரொல்லா பாணி: மெதெத்துக்குத் திடீரென்று எல்லாம் விளங்குகிறது. கம்மல் பெட்டியை மூடுகிறான். பனிமலைப் பின்னணியில் இருவரும் எதிரெதிர்த் திசையில் நடக்கிறார்கள். வயலின். (நிபந்தனைப்படி வயலினை எடுத்துவிட்டால் இதில் மிஞ்சுவது பனி மட்டும்.)

ஆ) சிற்றிதழ் பாணி: ஷினார் எழுந்து சமையலறைக்குப் போய்க் குளிர்பதனப் பெட்டியின் முன்னால் நிற்கிறாள். அதன் இரைச்சல் மட்டும் கேட்கிறது. முற்றும். வாசகர் என்ன புரிந்துகொண்டாலும் ஆசிரியர் பொறுப்பில்லை.

இ) எனக்குப் பிடித்தது: குல்யாஷ் எழுந்து துடைப்பத்தை எடுக்கிறாள்.

மூன்றையும் ஷினாருக்குச் சொன்னேன். மூன்றாவதில் அவள் கொஞ்சம் சிரித்தாள். அப்புறம், அப்படி நடக்கவில்லை என்றாள். நடந்ததை அவளே சொன்னாள்.

ரிஸ்தி கம்மலைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பக்கம் குனிந்தாள். ஷினார் இரண்டு கையாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். தொடரில் மொல்திர் பாகத்துக்கு ஒருமுறை இப்படிக் காதைப் பொத்துவாள், சத்தம் தாங்காமல். ஷினாரும் சந்தையில் பொத்திக்கொள்கிறவள்தான். அன்றைக்குப் பொத்தியது சத்தத்துக்காக இல்லை. கம்மல் ஏறக் கூடாது என்பதற்காக.

அவர்களுக்கு அது எப்படித் தெரியும்? உஸ், உஸ் என்றார்கள். பிள்ளைக்குக் காது வலிக்கிறது, யாரும் பேசாதீர்கள் என்றார் தாய்மாமன். ஒரு அத்தை ஜன்னலைச் சாத்தினாள், இன்னொருத்தி ஓடிப்போய்க் குளிர்பதனப் பெட்டியின் மின்னிணைப்பைப் பிடுங்கினாள். எல்லோரும் அவ்வளவு அன்பாக, அவ்வளவு நிசப்தமாக உட்கார்ந்தார்கள். அவள் வாழ்நாளில் அந்த வீடு அப்படி அமைதியாக இருந்ததே இல்லையாம். குல்யாஷ் மட்டும் மகளின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அமைதியில் ஷினார் பேசினாள். காதிலிருந்து கையை எடுக்காமலே.

என்ன பேசினாள் என்பதை எனக்குச் சொன்னாள். எழுதிக்கொண்டேன். அப்புறம், என்றேன். அவ்வளவுதான் என்றாள். அவ்வளவுதான் என்றால் எப்படி, ரிஸ்தி என்ன சொன்னாள், உன் அம்மா என்ன செய்தாள், கம்மல் என்ன ஆயிற்று, வாசகர் கேட்பாரே என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"நான் பேசி முடிச்சதும் எப்பவும் யாராவது ஒருத்தர் வந்து அதுக்கு அர்த்தம் சொல்றாங்க ஆகா. சீரியல்லயும் அப்படித்தான், வீட்டுலயும் அப்படித்தான். உங்க கதையிலயாவது நான் பேசினது கடைசியா இருக்கட்டும்."

ஷினார் சொல்ல வந்தது என்னவென்றால்

இல்லை. இதோ, நிறுத்திவிட்டேன்.

ஆகவே ரிஸ்தி என்ன சொன்னாள் என்று இங்கே வராது. அம்மா எழுந்தாளா என்றும் வராது. வேண்டுமானால் ஒன்று செய்கிறேன். ரிஸ்தியை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உங்களை உட்காரவைக்கிறேன். விரிப்பில் உங்களுக்கு முன்னால் கிண்ணம் நிறைய தேநீர் இருக்கிறது. கம்மல் உங்கள் விரல்களுக்கிடையில் இருக்கிறது. வீடு நிசப்தமாக இருக்கிறது. எதிரே ஒரு பெண் உங்களிடம் பேசுகிறாள். அவள் பேசி முடித்ததும் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். நான் மொழிபெயர்த்ததோடு சரி.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். பயந்துபோய்ச் சொல்லல. புரியாமச் சொல்லல. நீங்க யாரும் கெட்டவங்க இல்ல. எனக்கு வேண்டாம்."